பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்வது எப்படி: ஒரு பழைய டிரங்க் ஆபரேட்டரின் குறிப்புகள்

1981-ல் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில், அதாவது வெளியூர் போன் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்தேன். காதில் ஹெட்செட், கையில் லைனை இணைக்கும் கார்டு (ஒயர்), எதிரே துளைதுளையாக ஒரு போர்டு. கோயம்புத்தூர், மதராஸ், மதுரை, திருநெல்வேலி என்று நாலு பக்கத்துக் குரலும் எங்கள் வழியாகத்தான் போகும், வரும். முகம் தெரியாது, உடுப்பு தெரியாது. குரல் ஒன்றுதான். அதுவும் முழுக் குரல் இல்லை. டெலிபோன் லைன் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலியைத்தான் கடத்தும் என்று ட்ரெயினிங்கில் சொன்னார்கள். 'ஸ', 'ஃப' எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அந்தக் கரகர லைனிலும் இரண்டாவது வாக்கியத்துக்குள் எதிரே பேசுகிறவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரிந்துவிடும். எப்படி என்று பேத்தி வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை விட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் வேறுபடுகிற விசேஷச் சொற்களைத் தேடிக் காத்திருக்காதீர்கள். 'ஏலே' என்றால் நெல்லை, 'ஏனுங்கண்ணா' என்றால் கோவை, 'இன்னாபா' என்றால் மெட்ராஸ் என்பது சினிமா பார்த்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே அதற்கு மதிப்பில்லை. விளையாட்டுக்கு யாரும் சொல்வார்கள், வெட்கப்பட்டு மறைக்கவும் செய்வார்கள். எக்ஸ்சேஞ்சில் பேசுகிற பலர் ஆபீஸ்காரர்களிடம் பேசுகிறோம் என்று சட்டையை இஸ்திரி போட்ட மாதிரி தமிழையும் இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவார்கள். பேசுகிறவருக்கே தெரியாமல் வாயிலிருந்து வருவதைப் பிடிக்க வேண்டும். அது பெயர்ச்சொல்லில் இருக்காது. வினைச்சொல்லின் வாலில் இருக்கும், 'அவர்' என்பதற்குச் சொல்கிற சொல்லில் இருக்கும்.

வீட்டுக்காரர் இருக்கிறாரா?

என் காதைப் பழக்கியது பி.பி. கால்தான். குறிப்பிட்ட ஆளோடு மட்டும் பேச வேண்டும் என்று பதிவு செய்கிற கால். அந்த ஆள் இருக்கிறாரா என்று நாங்கள் முதலில் கேட்க வேண்டும். பகல் நேரத்தில் பெரும்பாலும் வீட்டுக்காரம்மாதான் எடுப்பார். "சார் இருக்காருங்களா?" என்பது என் கேள்வி. ஒரே கேள்வி, ஒரே பதில். ஆனால் பதில் இப்படியெல்லாம் வரும்:

"அவுக இல்லையே, வெளிய போயிருக்காக."

"அவிய இல்ல, வெளிய போயிருக்காவ."

"அவரு இல்லீங், தோட்டத்துக்குப் போயிருக்காருங்."

"அவுரு இல்லம்மா, வெளிய பூட்டாரு."

முதலாவது மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். இரண்டாவது திருநெல்வேலி, தூத்துக்குடி, அப்படியே நாகர்கோவில் வரைக்கும். மூன்றாவது கொங்கு. நான்காவது மெட்ராஸும் அதற்கு மேற்கே வேலூர் வரையுள்ள வட மாவட்டங்களும். 'போயிருக்காங்க' என்று சொன்னால் திருச்சி, தஞ்சாவூர் என்று சொல்ல ஆசை வரும். அவசரப்படாதீர்கள். 'ஆங்க' என்பது இப்போது எல்லா ஊரிலும் படித்தவர் பேச்சு. அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

மதுரைப் பக்கம் இன்னொரு நுணுக்கம் உண்டு. வீட்டுக்காரரைச் சொல்லும்போது 'வந்தாக' என்று சொல்கிற அதே அம்மா, தெருப் பையன்களைச் சொல்லும்போது 'வந்தாய்ங்க' என்பார். 'அவுக' மரியாதைக்கு, 'அவய்ங்க' மரியாதை தேவைப்படாத கூட்டத்துக்கு. மதுரை வழக்கை நடித்துக் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். மாமனாரையும் 'சொன்னாய்ங்க' என்று சொல்லிவிடுவார்கள்.

ஆக, முதல் வேலை: பேசுகிறவரை மூன்றாவது ஆளைப் பற்றிப் பேச வையுங்கள். "உங்க அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாலே போதும். தன்னைப் பற்றிப் பேசும்போது வருகிற ஜாக்கிரதை, அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது தளர்ந்துவிடும்.

வினைச்சொல்லுக்கு நடுவில் என்ன இருக்கிறது?

'சொல்கிறேன்' என்பதை நான் 'சொல்றேன்' என்பேன். என் வீட்டுக்காரர் கோவில்பட்டி. அவருக்கு அது 'சொல்லுதேன்'. நான் 'பேசுறான்' என்றால் அவர் 'பேசுதான்'. ஆனால் 'கேட்கிறான்' என்பதை 'கேக்குதான்' என்று சொல்லமாட்டார், 'கேக்கான்' என்பார். 'படிக்கான்', 'நடக்கான்', 'பாக்கேன்'. கல்யாணம் ஆன புதிதில் "என்ன செய்த?" என்று கேட்பார். நான் காலையிலிருந்து செய்ததையெல்லாம் ஒப்பிப்பேன். அவர் கேட்டது 'இப்போ என்ன செய்கிறாய்' என்று. இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இந்த 'து' இருந்தால் தென்கோடி என்று தைரியமாகச் சொல்லலாம். நான் இதுவரைக்கும் இதில் ஏமாந்ததில்லை.

கொங்குப் பேச்சில் வினைச்சொல்லுக்கு உள்ளே பார்க்க வேண்டியது 'ஓணும்'. 'போகணும்' என்பது 'போகோணும்', 'பண்ணணும்' என்பது 'பண்ணோணும்'. 'மாதிரி' என்று நாம் சொல்லும் இடத்தில் 'ஆட்ட': 'அவனாட்ட பேசாதே'. 'என்னுடைய', 'உன்னுடைய' என்பதற்கு 'என்ற', 'உன்ற'. இவற்றையெல்லாம் 'ங்க'வைவிடப் பெரிய சாட்சியாக நான் எடுத்துக்கொள்வேன். 'ங்க' ஒட்டுப்போட்ட துணி. எந்த ஊர்க்காரரும் நாலு வருஷம் கோயம்புத்தூரில் வேலை பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவர்கள் 'ங்க'வை முழுதாகச் சொல்வார்கள். அந்த ஊரிலேயே பிறந்தவர் கடைசி உயிரை விழுங்கி 'சரிங்', 'வாரனுங்' என்று மூக்கோடு நிறுத்துவார்.

திருப்பூரிலிருந்து பதிவாகும் கால்களில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். பனியன் கம்பெனி வேலைக்குத் தெற்கிலிருந்து போனவர்கள் நிறைய. "நான் சொல்லுதேனுங்க" என்று ஒரு குரல் வரும். உள்ளே 'து', வெளியே 'ங்க'. உள்ளே இருப்பது பிறந்த ஊர், வெளியே ஒட்டியிருப்பது பிழைக்கிற ஊர். இரண்டு ஊரும் ஒரே சொல்லில் இருக்கும். இப்படி ஒரு சொல் கிடைத்தால் அன்றைக்கு எனக்கு நைட் டியூட்டியே தெரியாது.

எண்ணச் சொல்லுங்கள்

போன் நம்பரைச் சொல்லும்போது யாரும் இலக்கணம் யோசிப்பதில்லை. ஆகவே நம்பரைக் கேட்பது நல்ல சோதனை. நம்பரில் 1, 3, 7 இருந்தால் இன்னும் நல்லது.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் குரல் எங்கள் போர்டில் நிறையக் கேட்கத் தொடங்கியது. அவர்கள் 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்பார்கள். 'ஒன்று', 'மூன்று' என்று எழுதுகிறோம் இல்லையா, அந்த 'ன்ற' நம் பக்கம் 'ண்ண', 'ண' ஆகி 'ஒண்ணு, மூணு' ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது 'ண்ட' ஆனது. 'என்று' என்பதும் 'எண்டு'. 'நேற்று', 'காற்று' என்பதை நாம் 'நேத்து', 'காத்து' என்று பல்லில் தட்டிச் சொல்கிறோம். அவர்கள் நாக்கைப் பல்லிலும் வைக்காமல், மடித்தும் வளைக்காமல், மேல் ஈறில் வைத்துத் தட்டுவார்கள். டொரன்டோவை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்து நம் ஆட்கள் சிரிப்பது உண்டு. ஆங்கிலத்து 'ட' அந்த ஈறு ஒலிக்குத்தான் பக்கம், அதனால்தான் 'ட' போடாமல் 'ர', 'ற' போடுகிறார்கள். அதற்கென்று தனி எழுத்து அவர்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது, நம் வாயில் இல்லை. சிரிக்க என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்துக்கு இன்னும் இரண்டு அடையாளம். 'வர்றேன்' என்பது 'வாறன்', 'போறேன்' என்பது 'போறன்'. அவர்கள் வருகிறார்கள் என்பது 'அவை வருகினம்'. மட்டக்களப்புப் பக்கத்தார் பேச்சு இதிலிருந்து வேறு. 'மறுபடியும், பிறகு' என்ற இடத்தில் 'மறுகா' என்று வரும். மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள் பேச்சோ பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பேச்சை ஒட்டியே இருக்கும். இலங்கை என்றால் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே நான் அசிங்கப்பட்ட கதை ஒன்று. ஒருவர், "வர்றேண்டு சொன்னாரு, இன்னும் காணோம்" என்றார். 'ண்டு' காதில் விழுந்ததும், "நீங்க யாழ்ப்பாணமா?" என்று கேட்டுவிட்டேன். "மேலூரும்மா" என்றார், குரலில் கொஞ்சம் சூடு. மதுரைப் பக்கமும் 'என்று' என்பது 'ண்டு' ஆகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து வாய் திறப்பதில்லை. மேலூர்க்காரரை எண்ணச் சொல்லியிருந்தால் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்றிருப்பார். அங்கேயே பிரிந்திருக்கும். இரண்டு அடையாளம் ஒரே திசையைக் காட்டினால் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று காட்டினால் வேண்டுமானால் சொல்லுங்கள்.

ழகரத்தை நம்பலாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லிப் பார்ப்பது ஒரு விளையாட்டு. என் அனுபவத்தில் அது பாதிதான் உதவும்.

'வாயப்பயம்' என்று 'ய' வந்தால் வடக்கு. சென்னை, செங்கல்பட்டு, பழைய வட ஆர்க்காடு. இதை நம்பலாம். 'வாளப்பளம்' என்று 'ள' வந்தால் வடக்கு இல்லை என்று மட்டும்தான் தெரியும். மதுரையிலும் ள, நெல்லையிலும் ள, யாழ்ப்பாணத்திலும் ள. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்கே வேகமாகப் பேசினால் பாதி ழ ள ஆகிவிடும். சுத்தமான ழ வந்தால் இன்னும் குழப்பம். அது ஊரைச் சொல்லாது. பள்ளிக்கூடத்தைச் சொல்லும், மேடைப் பழக்கத்தைச் சொல்லும், பாட்டு வாத்தியாரைச் சொல்லும். ழகரத்தில்தான் நம் ஆட்கள் எல்லாருக்கும் கூச்சம். கூச்சம் இருக்கிற இடத்தில் திருத்தம் இருக்கும். திருத்திய ஒலியில் ஊர் இருக்காது.

அதே மாதிரி 'இலை'யை 'எல' என்பதும், 'குடை'யை 'கொட' என்பதும், 'உடம்பு' 'ஒடம்பு' ஆவதும் தமிழ்நாட்டில் அனேகமாக எல்லாரும் செய்வது. இதைக் கேட்டு 'கிராமத்துப் பேச்சு' என்பவர் தன் பேச்சைத் தானே கேட்டதில்லை என்று அர்த்தம்.

பாட்டியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

உறவுச்சொல் நல்ல சாட்சிதான், ஆனால் சூழ்ச்சிக்கார சாட்சி. 'அப்பத்தா' என்றால் மதுரை, சிவகங்கைப் பக்கம் பார்வையைத் திருப்பலாம். 'அமுச்சி', 'அப்பாரு' என்றால் கொங்கு. 'அம்மம்மா', 'அப்பம்மா' யாழ்ப்பாணம். 'ஆயா' வடக்கே நிறையக் கேட்கும். 'ஆச்சி' என்று ஒருவர் சொன்னதும் நெல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காரைக்குடிப் பக்கத்திலும் ஆச்சி உண்டு. அங்கே பாட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை, கல்யாணமான பெண்ணையே மரியாதையாக அப்படிச் சொல்வார்கள்.

உறவுச்சொல்லில் ஊர் மட்டும் இல்லை, சாதியும் கலந்திருக்கிறது. "அவர் ஆத்துல இல்லையே" என்று பதில் வந்தால் எனக்கு எந்த ஊர் என்று தெரியாது, எந்தச் சமூகம் என்று தெரிந்துவிடும். கும்பகோணத்திலும் அதே பேச்சு, மயிலாப்பூரிலும் அதே பேச்சு. இதைச் சொல்லவே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டுப் பழகிய காது இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது. ஆகவே ஊரைத் தேடுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் இப்போது கண்டுபிடித்தது ஊரா, வேறெதுவுமா? வேறெதுவாக இருந்தால் வாயை மூடிக்கொள்வது உத்தமம். சாதி கேட்பதற்குப் பதிலாக 'எந்த ஊரு' என்று கேட்கிறவர்கள் உண்டு, கேட்கப்படுகிறவருக்கும் அது தெரியும்.

காதைத் தீட்ட

எக்ஸ்சேஞ்ச் இப்போது இல்லை. ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்கு டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்தது, செல் வந்தது, எங்கள் போர்டு காயலான் கடைக்குப் போனது. நீங்கள் பழக வேண்டுமென்றால் ரயிலில் சாதாரணப் பெட்டியில் ஏறுங்கள். திருச்சியிலிருந்து ஈரோடு போகிற வண்டி. குளித்தலை வரைக்கும் என்ன கேட்கிறது, கரூரில் ஏறுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், கொடுமுடியில் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். இன்னொரு நாள் தெற்கே போகிற வண்டி. மணப்பாறை, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. 'அங்கிட்டு இங்கிட்டு' எங்கே தொடங்குகிறது, 'சொல்றேன்' எங்கே 'சொல்லுதேன்' ஆகிறது என்று பாருங்கள். கோடு போட்ட மாதிரி மாறாது. ஒரே பெஞ்சில் இரண்டும் உட்கார்ந்திருக்கும்.

ராகத்தைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று சிலர் சொல்லலாம். உண்மையில் காது முதலில் பிடிப்பது ராகத்தைத்தான். ஆனால் அதை எழுத்தில் காட்டும் வித்தை எனக்குக் கைவரவில்லை. கேட்டுத்தான் பழக வேண்டும். ஒரு யோசனை மட்டும்: வார்த்தை புரியாத தூரத்தில் நின்று கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டை இதற்கு ரொம்ப உகந்தது.

இன்னொன்று. ஒருவர் போனில் ஆபீஸரிடம் பேசுவதைவிட அம்மாவிடம் பேசுவதைக் கேட்டால் ஊர் பளிச்சென்று தெரியும். லைன் சரியாக விழுந்ததா என்று பார்க்க எங்களுக்கு முதல் வார்த்தை மட்டும் கேட்க அனுமதி. அதற்கு மேல் கேட்பது தப்பு, கேட்கவும் நேரம் இருக்காது. என்னிடம் "திருநெல்வேலிக்கு ஒரு அர்ஜென்ட் கால் வேண்டும்" என்று புத்தகம் மாதிரிப் பேசிய அதே மனிதர், லைன் விழுந்ததும் "எம்மா, நாந்தான், எப்பிடி இருக்க?" என்று ஒரே நொடியில் முப்பது வருஷம் பின்னால் போய்விடுவார். நான் லைனைக் கேட்கும் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு அடுத்த காலுக்குப் போவேன்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது? எதிரே இருப்பவர் மாதிரிப் பேசிக் காட்டாதீர்கள். அது நட்பு என்று நீங்கள் நினைப்பீர்கள், கேலி என்று அவர் நினைப்பார். "நீங்க இந்த ஊர்தானே?" என்று அடித்துச் சொல்வதைவிட, "எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தென்காசிக்காரரை நாகர்கோவில் என்று சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கடைசியாக, உங்கள் பேச்சையே ஐந்து நிமிஷம் செல்லில் பதிவு செய்து கேளுங்கள், வீட்டு ஆட்களோடு பேசும்போது. எனக்கென்று வட்டார வழக்கு எதுவும் கிடையாது என்றுதான் நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு மருமகள் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். அவள் ஈரோட்டுப் பெண். "அத்தை, நீங்க 'அங்க'ன்னு சொல்றதே இல்லீங், 'அங்கன'ன்னுதான் சொல்றீங்" என்றாள். 'அங்கன' என் வீட்டுக்காரர் ஊர்ச் சொல். எப்போது என் வாய்க்குள் வந்தது என்று தெரியவில்லை. நான் மறுத்துப் பேச வாயெடுக்கும்போது நாலு வயதுப் பேரன் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"பாட்டி, அங்கன போகோணும்."